மதினி வெட்டாத வயர்

பக்கத்து வீட்டு மதினியின் கையை நான்தான் ஒடித்தேன். மம்பட்டிக் காம்பால் மூன்று அடி. மூன்றாவது அடியில் எலும்பு விட்டுப்போன சத்தம் எனக்குக் கேட்டது. கேட்ட பிறகும் காம்பைக் கீழே போடவில்லை.

மலைமேல் செண்பகனூரில் ரோட்டுக்குக் கீழே சரிவில் எங்கள் வீடு இருக்கிறது. ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே மூன்று அடுக்குத் தோட்டம். அது மதினியுடையது, அவள் வீடு அதன் மேல் முனையில். அவள் கவுஞ்சியில் பூண்டு போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். கட்டிக்கொண்டு வந்த இடத்திலும் மண்ணை விடவில்லை. பீன்ஸ், கேரட், ஓரமாகக் கொஞ்சம் பூண்டு. எங்களுக்குள் ரத்த உறவு எதுவும் கிடையாது. என்னைவிட நாலு வயது மூத்தவள் என்பதால் நான் மதினி என்பேன். அவள் என்னை ‘ஏத்தா’ என்பாள். அவள் வீட்டுக்காரரை நான் அண்ணே என்பேன். பதினோரு வருஷம் அப்படித்தான் இருந்தோம். என் மகளுக்கு அம்மை போட்டபோது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, எங்கள் வீட்டுக்கும் சேர்த்துச் சோறு பொங்கியவள் அவள்.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். பண்ணைக்காட்டுப் பக்கம் காபி மூட்டை, வாழைத்தார், மிளகு என்று எதையாவது ஏற்றிக்கொண்டிருப்பார். வெள்ளனே போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள். ஊரடங்கு முடிந்த வருஷம் எனக்கு வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்று கிடைத்தது. சென்னையில் உள்ள ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போனில் பதில் சொல்கிற வேலை. கம்ப்யூட்டர் வழியாகத்தான் பேச வேண்டும். ஆஸ்பத்திரியில் நிற்கிறவர்கள் கூப்பிடுவார்கள். ஆபரேஷனுக்கு அனுமதி வந்ததா, எண் என்ன என்று கேட்பார்கள். நான் பார்த்துச் சொல்வேன். பேச்சு நடுவில் அறுந்தால் என் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இணையத்துக்கான ஃபைபர் வயர் ரோட்டுக் கம்பத்திலிருந்து மதினியின் தோட்டத்துக்கு மேலாக வரும். நடு அடுக்கில் நிற்கிற பேரிக்காய் மரத்தில் ஒரு கட்டு. அங்கிருந்து எங்கள் ஜன்னல். இணைப்புக் கொடுக்க வந்தவர் சுவரில் துளை போடும் மெஷினைக் கொண்டுவரவில்லை. ஜன்னல் மூலை வழியாக வயரை உள்ளே விட்டு, மேஜைமேல் இருந்த மோடத்தில் மாட்டினார். “இப்போதைக்கு இப்படி இருக்கட்டும் மேடம்” என்றார். இருந்தது.

ஐப்பசியில் தொந்தரவு ஆரம்பித்தது. மத்தியானம் ஒரு மணி, இரண்டு மணி வாக்கில் மோடத்தில் பச்சையாக எரிகிற விளக்கு சிவப்பாகும். பேச்சு அறுந்துபோகும். சாயங்காலம் எதுவும் செய்யாமலே திரும்பி வரும். நான் அணைத்துப் போட்டேன். முப்பது எண்ணிவிட்டுப் போட்டேன். அடாப்டரை மாற்றினேன். மோடத்தைப் பீரோமேல் வைத்தேன், திரும்ப மேஜைக்குக் கொண்டுவந்தேன். ஃப்ரிட்ஜை அணைத்துப் பார்த்தேன். ஒரு நோட்டில் நேரத்தைக் குறித்தேன். பனிமூட்டம் இறங்குகிற நேரமும் இணைப்புப் போகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. மூட்டம் வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவேன், இல்லாவிட்டால் கீபோர்டெல்லாம் ஈரமாகிவிடும். வேலை முடிந்ததும் இடிக்குப் பயந்து மோடத்தை அணைத்துவிடுவது வழக்கம், அதனால் ராத்திரியில் அது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

கம்பெனியில் மேலே இருப்பவர் ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். “மேம், திரும்பத் திரும்ப இப்படி ஆனா நாங்க வேற ஆளத்தான் பாக்கணும்” என்று இரண்டு முறை சொல்லிவிட்டார்.

எங்கள் அப்பா டீவி தெரியாவிட்டால் அதன் தலையில் ஓங்கி அடிப்பார். சில நேரம் தெரியும். அதே கையால் எங்களையும் அடிப்பார். அந்தக் கை எனக்கும் வந்திருக்கிறது என்பது அந்த மாசம்தான் எனக்குத் தெரிந்தது. முதலில் மோடத்தை உள்ளங்கையால் அடித்தேன். பிறகு காதில் மாட்டுகிற ஹெட்செட்டைச் சுவரில் எறிந்து உடைத்தேன். ஒரு நாள் வாசலில் படுத்திருந்த நாயை எத்தினேன். விலாவில் பட்டு அது கத்திக்கொண்டே ஓடியது. அதற்குப் பிறகு நான் வாசலில் நின்றால் அது படியேறுவதில்லை. இன்னொரு நாள் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர், “அந்தச் சனியன விட்டுட்டு வேற சோலியப் பாரேன்” என்றார். கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரை அவர் முகத்தில் எறிந்தேன். புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவர் ஓங்கிய கையை ஏனோ இறக்கிக்கொண்டு, சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

இணைப்புக்காரர் மூன்று தடவை வந்தார். இரண்டு தடவை காலையில் வந்தார், பச்சையாக எரிந்தது. மூன்றாவது தடவை, கெஞ்சி மத்தியானத்தில் வரவழைத்தேன். வயர் வரும் வழியைக் காட்டுவதற்காக ஜன்னலைத் திறந்து மரத்தைக் காட்டினேன். அவர் திரும்பி மோடத்தைப் பார்த்துவிட்டு, “பச்சையாத்தான எரியுது மேடம்” என்றார். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார்.

“காட்டுமாடு கொம்ப உரசுனா அறுந்தே போயிரும். கொரங்கு தொங்குனாலும் அப்படித்தான். இது போயிப் போயி வருதுல்ல, அப்ப எங்கயோ வயர அழுத்துது. ஃபைபர் உள்ள வெளிச்சம் போகுது மேடம், வளைஞ்சா நின்னுரும். யாரும் பிடிச்சு இழுக்குறாங்களான்னு பாருங்க.”

அழுத்துவது என்பதை விட்டுவிட்டு, யாரோ இழுக்கிறார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்த வயருக்குக் கீழே நிற்கிற ஆள் ஒருத்திதான்.

மதினி அந்த வயரைப் பற்றிக் குறைப்பட்டது உண்மை. மருந்தடிக்கிற குழாய் அதில் சிக்கிக்கொள்ளும். “இது என் கழுத்துல சுருக்குப் போட்ட மாதிரி கெடக்குத்தா. ஒருநா வெட்டித்தான் எறியப் போறேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அப்போது நானும் சிரித்தேன். இப்போது அந்தப் பேச்சு வேறு மாதிரி கேட்டது. இணைப்புப் போகும்போதெல்லாம் ஈரக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். மரத்தடியில் மங்கலாக அவள் நிற்பாள். அவள் தோட்டத்தில் அவள் நிற்காமல் வேறு யார் நிற்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு ஒரு மணி தாண்டியிருக்கும். ஒருவர் கூப்பிட்டார். மனைவிக்கு வயிற்றில் ஏதோ வெடித்துவிட்டது, அனுமதி எண் கொடுத்தால்தான் உள்ளே கொண்டுபோவோம் என்கிறார்கள் என்றார். அனுமதி வந்திருந்தது. எழுதிக்கொள்ளுங்கள் என்று எண்ணைப் படித்தேன். அதற்குள் மூட்டம் மேஜை வரைக்கும் வந்துவிட்டது. படித்துக்கொண்டே எட்டி ஜன்னலைச் சாத்தினேன். ஆறு எண் சொல்லியிருந்தேன், இன்னும் நாலு இருந்தது. அறுந்துவிட்டது. அவருடைய போன் நம்பரை எங்களுக்குக் காட்ட மாட்டார்கள். திரும்பக் கூப்பிட வழியில்லை. அந்தப் பெண் பிழைத்தாளா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மதினி பேரிமரத்தடியில் அரிவாளோடு நின்றாள். கை மேலே போய்க் கீழே வந்தது.

கதவோரம் சாய்த்திருந்த மம்பட்டிக் காம்பை எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன். இரும்பு இலை மாட்டாத வெறும் காம்பு, புதுசு.

“வெட்டுனியாடி?” என்றேன்.

அவள் திரும்பினாள். “என்னத்த?”

“அங்க ஒருத்தி சாகக் கெடக்கா. வயர வெட்டுனியா?”

“கெளையக் கழிக்கிறேன். ஒனக்கென்ன பேயா பிடிச்சிருக்கு?”

முதல் அடி அவள் தோளில் விழுந்தது. அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். இரண்டாவது, அரிவாள் பிடித்திருந்த கையின் மணிக்கட்டில். அரிவாள் விழுந்தது. தலைக்கு வருகிறது என்று நினைத்து அவள் கையைக் குறுக்கே கொடுத்தாள். மூன்றாவது அடி அந்தக் கையில், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் விழுந்தது.

அவள் கத்தவில்லை. இடது கையால் என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் மேலே விழுந்தாள். இரண்டு பேரும் கல்கட்டின் மேலிருந்து கீழ் அடுக்குக்குப் போய் விழுந்தோம். என் தலை ஒரு கல்லில் மோதியது. அவள் என் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, கேரட் பாத்தி மண்ணை அள்ளி என் வாயில் திணித்தாள். மூச்சு முட்டியது. அவள் கன்னத்துக்கு எட்டிக் கடித்தேன். மண்ணும் ரத்தமும் ஒன்றாக நாக்கில் பட்டன. அந்த நேரத்தில் எனக்குப் பயம் இல்லை. கொன்றுவிட வேண்டும் என்றுதான் இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அண்ணன் முதுகில் மருந்து டப்பாவோடு மேல் அடுக்கிலிருந்து குதித்து வந்தார். என் விலாவில் எத்தினார். இரண்டாவது எத்தில் நான் உருண்டேன். எழுந்து வீட்டுக்கு ஓடித் தாழ் போட்டுக்கொண்டேன். அவர் கடப்பாரையோடு வந்தார். கதவு தாங்கியது. ஜன்னல் தாங்கவில்லை. ஒரே குத்தில் கண்ணாடி உள்ளே கொட்டியது. அடுத்த குத்தில் ஜன்னல் பலகை கீலோடு பிய்ந்து தொங்கியது.

“வெளிய வாடி. என் பொண்டாட்டி கையவா ஒடிக்கிற. வாடி வெளிய.”

நான் மேஜைக்கு அடியில் கிடந்தேன். தலையிலிருந்து ரத்தம் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே தோட்டத்திலிருந்து மதினியின் குரல் கேட்டது.

“வேணாம், வந்துருங்க. கை தொங்குதுங்க. ஆசுபத்திரிக்குப் போவோம்.”

ரோட்டிலிருந்து ஆட்கள் இறங்கிவந்து அவரைப் பிடித்தார்கள்.

என் வீட்டுக்காரர் பொழுது சாயும்போது வந்தார். தையல் போட்ட என் தலையைப் பார்த்தார். நடந்ததை ரோட்டிலேயே யாரோ சொல்லியிருந்தார்கள். ஜீப்பிலிருந்து வீல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். அங்கே தண்ணீர் மோட்டாரை அடித்து நொறுக்கினார். தடுக்க வந்த அண்ணனின் தொடையில் அடித்தார். அண்ணன் அவர் வாயில் குத்தினார். அவர் இறங்கி வந்தபோது முன்பல் ஒன்று இல்லை. துப்பிவிட்டு, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் ஒரே பெஞ்சின் இரண்டு முனையிலும் உட்கார்ந்திருந்தோம். மதினியின் கை மாவுக்கட்டில் இருந்தது. கன்னத்தில் என் பல் பதிந்த இடம் கறுத்திருந்தது. “எதுக்காக சண்டை?” என்று கேட்டார்கள். வயர் தகராறு என்று எழுதினார்கள். ஒருத்தர் சோலிக்கு ஒருத்தர் போவதில்லை என்று நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம். மதினி மட்டும் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தாள். அவளுக்கு எழுதத் தெரியும். பேனாவைப் பிடிக்கத்தான் முடியவில்லை.

ஜன்னலில் ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டோம். நான் தலைக்கட்டோடு வேலைக்கு உட்கார்ந்தேன். மத்தியானம் மூட்டம் சாக்கு வழியாகவே உள்ளே வந்தது. விளக்கு பச்சையாகவே எரிந்தது. மறுநாளும் அப்படித்தான். ஒன்பது நாள் ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. அடித்ததால் சரியாகிவிட்டது என்று நம்பினேன். சந்தோஷமாக இருந்தது. மோடத்தைக் காட்டி, “பாத்தீங்களா, நாலு போட்டாத்தான் வழிக்கு வருது” என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பல் போன இடத்தை அவர் நாக்கால் தடவிக்கொண்டார். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் சொன்னேன்.

பத்தாவது நாள் ஆசாரி வந்து ஜன்னலுக்குப் புதுப் பலகை மாட்டினார். ஒன்றரை மணிக்கு மூட்டம் வந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். சிவப்பு.

எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. இன்னொரு கையும் இருக்கிறது அவளுக்கு என்று நினைத்தேன். அப்படியே அந்த வார்த்தைகளில்தான் நினைத்தேன். அவளைப் பார்ப்பதற்காக ஜன்னலைப் படாரென்று திறந்தேன். தோட்டத்தில் யாரும் இல்லை. மரத்தடியில் இல்லை, மேல் அடுக்கிலும் இல்லை. அன்று அவர்கள் கட்டு மாற்றப் போயிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. திரும்பினேன். பச்சை.

பிறகு சாத்தினேன். சிவப்பு. திறந்தேன். பச்சை. ஜன்னல் மூலையில் வயர் உள்ளே வருகிற இடத்தில் பலகை அதை நசுக்குவதை விரலால் தொட்டுப் பார்த்தேன். அங்கே வயர் தட்டையாகிப் போயிருந்தது. எத்தனை தடவை சாத்தித் திறந்தேன் என்று தெரியாது.

என் வீட்டுக்காரரிடம் அன்றைக்கே சொன்னேன். அவர் ஜன்னலைச் சாத்திப் பார்த்தார், திறந்து பார்த்தார்.

“வாயத் தொறக்காத” என்றார். “ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தாச்சு. இப்பப் போயி தப்பு நம்மளுதுன்னா வெட்டுக்குத்துலதான் முடியும்.”

நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த நாலு நாளும் மதினி ஒற்றைக் கையால் பீன்ஸ் பறிப்பதைத் திறந்த ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாக்கின் வாயைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு கட்டினாள். ஒரு தடவை சாக்கு சரிந்து காய் கொட்டியது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து நல்ல கையால் தன் தொடையில் அடித்துக்கொண்டாள்.

ஐந்தாவது நாள் காலை, என் வீட்டுக்காரர் போனதும் மேலே போனேன். அண்ணன் வாசலில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்த வேகத்தில் கல் உருண்டது.

“மதினி வயரத் தொடல. எங்க வீட்டுச் சன்னல்தான் நசுக்கியிருக்கு” என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தார். ஆறாத தையல் காயம் பிரிந்து வலி கண்ணை மறைத்தது. அப்படியே இழுத்துக்கொண்டு மூன்று அடுக்கும் இறங்கினார். பின்னாலேயே மதினி வந்தாள். என் வீட்டுக்குள் கொண்டுபோய் ஜன்னல் முன்னால் தள்ளினார்.

“காட்டு.”

சாத்தினேன். சிவப்பு. திறந்தேன். பச்சை. மூன்று பேரும் ஒரு கடுகளவு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“இன்னொருக்காச் சாத்து” என்றாள் மதினி.

சாத்தினேன்.

“இது ஒனக்கு எப்பத் தெரியும்?”

பொய் சொல்லியிருக்கலாம். “நாலு நாளாச்சு மதினி” என்றேன்.

அதுவரை அவள் முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. நாலு நாள் என்றதும் மாறிவிட்டது. மாவுக்கட்டுப் போட்ட கையையே ஓங்கி என் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்தது. இரண்டாவது தடவையும் அதே கையால்தான் அடித்தாள். கட்டு விரிந்து மாவு உதிர்ந்தது. என்னை அடித்த ஒவ்வொரு அடிக்கும் கத்தியவள் அவள்தான். நான் கையைத் தூக்கவில்லை. அண்ணன் எனக்காக இல்லாமல் அவள் கைக்காக அவளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து நிறுத்தினார். “விடுங்க, என்னைய விடுங்க” என்று அவள் அழுதாள். பதினோரு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அவர்கள் போன பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு, மூக்கைத் துணியால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டரில் கூப்பிடுகிற மணி அடித்தது. எடுத்து, அரை மணி நேரம் பதில் சொன்னேன். சளி பிடித்திருக்கிறதா என்று கூப்பிட்டவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

எலும்பு விலகிவிட்டது என்று மதினிக்கு மதுரையில் திரும்ப வைத்துக் கட்டினார்கள். சரியாகச் சேரவில்லை. கை இப்போது முழங்கைக்குக் கீழே லேசாக வெளிப்பக்கம் வளைந்திருக்கிறது. மம்பட்டி பிடிக்க முடியாது. மேல் அடுக்கை வேறு ஒருவருக்கு விட்டுவிட்டார்கள். நான் ஒரு தடவை களை எடுத்துத் தருகிறேன் என்று போனேன். மண்கட்டியை எடுத்து எறிந்தாள், நான் தோட்டத்தைத் தாண்டும் வரைக்கும் எறிந்தாள். அதோடு விட்டுவிட்டேன்.

இணைப்புக்காரர் மெஷின் கொண்டுவந்து பின்சுவரில் துளை போட்டு, வயரைக் கீழ்ப் பாதைக் கம்பத்திலிருந்து கொண்டுவந்தார். பத்து நிமிஷ வேலை. என் வேலை போகவில்லை. எப்போதாவது சிவப்பு வரத்தான் செய்கிறது. அப்போது இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

டவுன் பஸ்ஸில் மதினியைப் பார்ப்பேன். என் பக்கத்து சீட் மட்டும் காலியாக இருந்தால் அவள் உட்கார மாட்டாள், பஜார் வரைக்கும் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். போன மாசம் நான் எழுந்து, முழு சீட்டையும் விட்டுவிட்டு முன்னால் போய் நின்றேன். அவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, தூறலில் நடந்து போனாள்.